தூக்கத்தில் பல் கடிப்பதும் பல் உறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் டாக்டர் இல்லை. கும்பகோணத்தில் ஒரு பல் லேப்பில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவதை வைத்து கேப், பல் செட், ராத்திரி பல் வரிசைமேல் போடுகிற உறையான ஸ்ப்ளிண்ட் எல்லாம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. மன்னார்குடி, மயிலாடுதுறை, பாபநாசம், திருவாரூர் என்று பல ஊர்களிலிருந்தும் பஸ்ஸில் பார்சலாக அளவுகளும் மாடல்களும் (பல் வரிசையின் அச்சுகள்) வரும். ஸ்ப்ளிண்ட் செய்கிறவன் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், டீக்கடையில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் மேஜையில் பார்த்ததையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"ராத்திரி நறநறன்னு பல்லைக் கடிக்கிறேன்னு வீட்டுல சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் தெரியலையே. நெஜமா இருக்குமா?"

இருக்கும். கடிக்கிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். தூக்கம் ராத்திரி முழுக்க ஒரே ஆழத்தில் இருப்பதில்லை, நடுநடுவே சில நொடி மேலே வந்து மறுபடி இறங்கும். அப்படி மேலே வருகிற நேரத்தில் இதயத்துடிப்பு கொஞ்சம் கூடுகிறது, பின்னாலேயே தாடைத் தசை இறுகுகிறது. பெரும்பாலும் அப்போதுதான் கடி நடக்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது உண்டு, வயதாக ஆகக் குறையும்.

சத்தமே வராமல் இறுக்கி மட்டும் கடிப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி வீட்டிலும் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் பல் உடைந்த பிறகுதான் தெரியவருகிறது. ஆனால் கடிக்கிறீர்கள் என்பதாலேயே உங்களுக்கு நோய் என்று ஆகிவிடாது. 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து சொன்னதும் அதுதான்: மற்றபடி நலமாக இருப்பவருக்கு இது தசையின் ஒரு செயல், கேடு வரவைக்கக்கூடிய ஒரு பழக்கம். பல்லுக்கோ தாடை மூட்டுக்கோ தூக்கத்துக்கோ கேடு வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

"வயித்துல பூச்சி இருந்தாத்தானே புள்ளைங்க பல்லைக் கடிக்கும்?"

எங்கள் பாட்டியும் இதைத்தான் சொன்னார். ஆனால் பூச்சிதான் காரணம் என்று உறுதியாகக் காட்டிய சான்று இல்லை. பூச்சியே இல்லாத பிள்ளைகளும் கடிக்கிறார்கள், பூச்சி உள்ள எத்தனையோ பிள்ளைகள் கடிப்பதில்லை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், அது குடற்புழுவுக்கும் ரத்தசோகைக்கும் நல்லது. பல் கடிப்பு நிற்கவில்லை என்று மறுபடி மறுபடி கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளிடம் இது பெரியவர்களைவிட அதிகம், பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். பால் பல் கொஞ்சம் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாடை வளர்ந்துகொண்டே இருப்பதால் பொதுவாகப் பிள்ளைகளுக்கு உறை போடுவதும் இல்லை. ஆனால் பிள்ளை வாயைத் திறந்து வைத்துத் தூங்குகிறது, குறட்டை விடுகிறது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு என்கிற சதை வீங்கியிருக்கலாம்.

"கடிக்கிறேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

காலையில் எழுந்ததும் கன்னமும் நெற்றிப்பொட்டும் களைத்தமாதிரி வலிக்கும், கொட்டாவி விடும்போது காதுக்கு முன்னால் பிடிக்கும். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பாருங்கள், ஓரம் அலை அலையாகப் பல் தடம் பதிந்திருக்கலாம். கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளைக் கோடு ஓடலாம். கடைவாயைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் விரலை வைத்தால் ஒரு தசை எலுமிச்சம்பழம் போலப் புடைத்து வரும், ராத்திரியெல்லாம் கடிப்பவர்களுக்கு அது பெருத்தே இருக்கும். இதெல்லாம் அறிகுறிகள்தான், ஒன்று இருந்தாலே உறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு மாடலிலேயே தெரிந்துவிடும். மேல் மாடலையும் கீழ் மாடலையும் கையில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு பக்கமாக மெல்லத் தள்ளினால், கூராக இருக்க வேண்டிய கோரைப்பல் இரண்டும் தட்டையாகி, இரண்டு தட்டைகளும் ஒட்டு வைத்த பலகை மாதிரி இடைவெளியே இல்லாமல் போய்ப் பொருந்தும். சாப்பிடும்போது தாடை அவ்வளவு தூரம் ஒதுங்கவே ஒதுங்காது. அந்த மூலையில் போய்ப் பொருந்துகிறது என்றால் தூக்கத்தில் அங்கே போய்த்தான் தேய்த்திருக்கிறார். ஒன்று மட்டும் கவனம்: தேய்மானம் பழைய கதையைச் சொல்லும், இப்போதும் கடிக்கிறாரா என்று சொல்லாது. அதற்கு வீட்டில் இருப்பவர் சொல்வதும் காலை வலியும்தான் சாட்சி.

"கவலையாலதான் வருதா? எனக்கு ஒரு கவலையும் இல்லையே?"

கவலை ஒரு பெரிய காரணம், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. குடும்பத்தில் வருவது உண்டு. சிகரெட், மது, ராத்திரி வெகுநேரம் கழித்துக் குடிக்கிற காபி, சில மாத்திரைகள், நெஞ்செரிச்சல், தூக்கத்தில் மூச்சு அடைப்பது எல்லாம் சேரும். அதனால் கவலை இல்லாதவருக்கும் வரும், மலைபோலக் கவலை உள்ளவருக்கு வராமலும் போகும்.

ஆனாலும் நம் பக்கத்தில் கவலையின் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேராவூரணிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயலில் அத்தனை மரமும் சாய்ந்தது. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லி அழவில்லை. ஆறு மாதம் கழித்து சித்தி என்னிடம் கேட்டதெல்லாம், "ஏம்ப்பா, உங்க சித்தப்பா ராத்திரி பல்லைக் கடிக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல, இதுக்கு ஏதாவது உண்டா?" என்பதுதான். மேட்டூர் எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வருமா, கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பிவிடுவார்களா, அடகு வைத்த நகையை எப்போது மீட்பது என்று ஒருவர் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே படுத்தால் தூக்கம் ஆழமாக இறங்காது. தூக்கம் மேலேயே நின்றால் என்ன ஆகும் என்று முதல் பதிலிலேயே பார்த்தோம். "பல்லைக் கடிச்சிக்கிட்டு பொறுத்துக்கோ" என்று நாம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள், சிலர் அதை அப்படியே செய்துகொண்டிருக்கிறார்கள். பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தால் பேசுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மனநல டாக்டரிடமே போகலாம், அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

"பகல்ல கூட கம்ப்யூட்டர் முன்னாடி பல்லை இறுக்கி வெச்சிருக்கேன். அதுவும் இதுவும் ஒண்ணா?"

வேறு. பகலில் கடிப்பது விழிப்பில் நடக்கிற பழக்கம், அதற்கும் மனப் பதற்றத்துக்கும் இன்னும் நெருக்கமான தொடர்பு உண்டு, அதை நீங்களே கவனித்து விடவும் முடியும். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இதை நிறைய பேர் நம்புவதில்லை. உதடு மூடியிருக்கலாம், உள்ளே பற்களுக்கு நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். "ன" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி எங்கே தொடுகிறதோ அங்கேயே நாக்கை விட்டுவிடுங்கள், தாடை தானாகத் தளர்ந்து இறங்கும்.

ஒரு ஸ்டிக்கர் பொட்டை செல்போனின் பின்னால் ஒன்று, வண்டிக் கண்ணாடியில் ஒன்று, மோட்டார் சுவிட்ச் பெட்டியில் ஒன்று ஒட்டிவையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தையல் வேலை செய்யும் ஒரு அம்மா மிஷின் தலையில் ஒட்டி வைத்தார், சாயந்திரத் தலைவலி பாதிக்குமேல் போய்விட்டது என்று சொன்னார். பகல் கடிக்கு உறையைவிட இதுதான் முக்கியம்.

"வெத்தலை சீவல் போட்டுப் போட்டுப் பல்லு தேஞ்சிருக்கு, அதுக்கும் உறை போடலாமா?"

கும்பகோணம் வெற்றிலை ஊரில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விட முடியாது. பாக்கு மென்றும் பல் தேயும், கன்னத் தசை பெருக்கும், அதனால் பார்க்க ஒரேமாதிரி இருக்கும். உறை பாக்குத் தேய்மானத்துக்கு உதவாது, ஏனென்றால் பாக்கைப் போடுவது பகலில்.

இதில் வேறு ஒன்றுதான் பெரிய விஷயம். வாய் முன்பு மாதிரித் திறக்கவில்லை, உங்கள் விரல் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே விட முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராக இறுகியிருக்கிறது என்றால் அதைப் பல் கடிப்பு என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். பாக்கினால் வருகிற நார்த்தன்மை அது, புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அன்றே பாக்கை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"காபியை விடணுமா?"

விட வேண்டாம். சாயந்திரம் நாலு மணிக்குமேல் குடிக்காமல் இருந்து பாருங்கள்.

"ஸ்ப்ளிண்ட்ன்னா என்ன? போட்டா கடிக்கிறது நின்னுடுமா?"

மேல்பல் வரிசைக்கோ கீழ்ப்பல் வரிசைக்கோ பொருத்தமாகச் செய்த கண்ணாடி மாதிரியான ஒரு உறை. சிலர் நைட் கார்டு என்பார்கள், சிலர் கிளிப் என்பார்கள். ராத்திரி மட்டும் போட வேண்டும்.

நிற்காது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும். நீங்கள் உறைக்கு மேல் கடிப்பீர்கள், உறை தேயும், பல் தேயாது. பல்லின் மேலே இருக்கிற எனாமல் ஒருமுறை போனால் உடம்பு அதை மறுபடி செய்து தராது, உறையின் அக்ரிலிக் பிளாஸ்டிக் போனால் நான் செய்து தருவேன். அவ்வளவுதான் கணக்கு. சிலருக்குத் தசை வலியும் காலைத் தலைவலியும் குறையும், சிலருக்கு முதல் சில வாரம் கடியே குறைந்து பிறகு பழையபடி வரும். காக்ரேன் அமைப்பு 2007-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், உறை தூக்கக் கடிப்பையே குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் எழுதியது. உறை போட்டாயிற்று, இனி கவலையையும் தூக்கத்தையும் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

"மெத்துன்னு இருக்கறது நல்லதா, கல்லு மாதிரி இருக்கறதா? ஆன்லைன்ல விக்கிற சுடுதண்ணி உறை போதாதா?"

மெத்தென்று இருப்பது பழகச் சுலபம், விலை குறைவு, சீக்கிரம் போய்விடும், பலமாகக் கடிப்பவர் சில மாதத்திலேயே ஓட்டை போட்டுவிடுவார். அதோடு சிலர் மெத்தென்று இருப்பதைச் சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருப்பதால் தசைக்கு வேலை கூடிவிடுகிறது. பலமாகக் கடிப்பவருக்கு டாக்டர்கள் பெரும்பாலும் கெட்டி அக்ரிலிக்தான் எழுதுகிறார்கள், சரியாகப் பார்த்துக்கொண்டால் சில வருடம் வரும். உள்ளே மெத்தென்றும் வெளியே கெட்டியாகவும் இரண்டு அடுக்கில் செய்வதும் உண்டு.

சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கிற உறையை நாலு நாள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் கடி சமமாக உட்காராது, ஒரு பக்கம் உயரும், ஒரு பக்கம் இறங்கும். முன்பல்லை மட்டும் மூடுகிற சின்ன உறைகளும் விற்கிறார்கள், டாக்டர் சொல்லாமல் அதை வாங்கவே வேண்டாம். மூடாத பின்பற்கள் நாளடைவில் நகர்ந்து கடியே மாறிப்போகலாம், தூக்கத்தில் விழுங்கிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது.

"அளவு எடுத்தாச்சு, செஞ்சும் குடுத்தாச்சு, மறுபடி ஏன் வரச் சொல்றாங்க?"

இதற்கு நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால்தான் புரியும். டாக்டர் எடுத்த அளவில் கல் மாவு ஊற்றி மாடல் எடுத்து, மேல்தாடை கீழ்தாடை இரண்டையும் கீல் வைத்த ஒரு கருவியில் மாட்டுவேன். பின்பற்கள் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் வருகிறமாதிரி மெழுகு வைத்து, அதை அக்ரிலிக்காக மாற்றி, வேகவைத்து, ராவி, மெருகேற்றுவேன். ஆனால் என் கருவியில் இருக்கிற கீல் பித்தளை, உங்கள் மூட்டு உயிருள்ளது, அது நான் நினைக்கிறபடி அசையாது. அதனால் டாக்டர் உங்கள் வாயில் போட்டு நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே நீலம் அழுத்தமாக விழுகிறதோ அங்கே கொஞ்சம் ராவி, எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தில் தொடும்வரை சரி செய்கிறார். இரண்டு வாரத்தில் தசை தளர்ந்ததும் தாடை நிற்கிற இடமே கொஞ்சம் மாறும், அப்போது மறுபடி நீலத்தாள். இந்த இரண்டாவது வருகைக்குப் போகாதவர்களின் உறைதான் அலமாரியில் தூங்குகிறது.

"போட்டா எச்சில் ஊறுது, தூக்கம் வரல, காலைல கழட்டினா பல்லு சேர மாட்டேங்குது"

எச்சில் ஒரு வாரம், அதிகமாய்ப் போனால் இரண்டு வாரம். வாய் அதைச் சாப்பாடு என்று நினைத்து ஊறவைக்கிறது, பழகினதும் நின்றுவிடும். படுக்கிறதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு டிவி பாருங்கள். காலையில் பல் சேராதமாதிரி இருப்பது சில நிமிடத்தில் சரியாகிவிட வேண்டும். காலைச் சாப்பாடு வரைக்கும் அப்படியே இருந்தால், அல்லது ஒரே ஒரு பல் மட்டும் நோகிறது என்றால் உறையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். நீங்களே உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம். இரண்டு பேர் அப்படிச் செய்து கொண்டுவந்தார்கள், இரண்டையும் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது.

தாடை நோகிற நாட்களில் முறுக்கு, சீடை வேண்டாம், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள், கஞ்சியோ பழைய சோறோ சாப்பிடுங்கள். பொங்கல் முடிந்ததும் தாடை வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கரும்பு எத்தனை கழி கடித்தீர்கள் என்பதுதான்.

"எப்படிக் கழுவுறது, எங்க வெக்கிறது?"

பச்சைத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். பேஸ்ட் கீறிவிடும், சுடுதண்ணீர் வளைத்துவிடும். காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போனால் சாயந்திரம் அது உங்கள் வாய்க்குப் பொருந்தாது. தலையணைப் பக்கத்தில் வைத்தால் எறும்பு வரும், தாழ்வான இடத்தில் வைத்தால் வீட்டு நாய் எடுத்துக் கடிக்கும், எச்சில் வாசனைக்கு நாய்க்கு அது அவ்வளவு பிடிக்கும்.

"மனசுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம்தான் கடிக்கிறேன். மாத்திரையை நிறுத்திடவா?"

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஃபுளுவாக்சிடின், செர்ட்ராலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் மாதிரியான மாத்திரைகளால் சிலருக்குப் பல் கடிப்பு வருவது உண்மைதான், மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், வேறு மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். திடீரென்று விட்டால் மனசுக்கு வருகிற கேடு பல்லுக்கு வருவதைவிடப் பெரியது. இதை வெட்கப்பட்டு பல் டாக்டரிடம் சொல்லாமல் இருப்பவர்களும் நிறைய, சொல்லிவிடுங்கள்.

"நான் பயங்கரமா குறட்டை விடுவேன். உறை போடலாமா?"

முதலில் குறட்டையைப் பாருங்கள். குறட்டை நடுவில் மூச்சே நின்று, திணறி, மறுபடி வருகிறது என்று வீட்டில் சொன்னால், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறீர்கள் என்றால் அது தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். மேல்தாடையில் போடுகிற சாதாரண உறை அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மூச்சடைப்பைக் கூட்டிவிடக்கூடும். அவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற வேறு சாதனம் இருக்கிறது, காற்றழுத்த மிஷின் இருக்கிறது. அளவு எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் குறட்டையைச் சொல்லிவிடுங்கள்.

"கன்னத்துல ஊசி போட்டா போயிடுமாமே? இல்ல, உயரமா இருக்கற பல்லை ராவி விட்டா?"

போடாக்ஸ் என்று சொல்கிற போட்டுலினம் ஊசி தசையின் பலத்தைக் குறைக்கும், மூன்று நாலு மாதத்தில் பலன் போய்விடும், மறுபடி போட வேண்டும். மெல்லும் பலம் குறையலாம், மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் சிரிப்பு கோணலாம். வலி மிக அதிகமாக இருந்து வேறு வழியில் அடங்காதவர்களுக்கு அனுபவமுள்ள டாக்டர் செய்வது அது, முதல் வைத்தியம் இல்லை.

கடிப்பை நிறுத்துவதற்காகப் பல்லை ராவுவது வேண்டவே வேண்டாம். ராவினது திரும்ப வராது, கடிப்பு நிற்பதும் இல்லை. நேற்று அடைத்த அடைப்போ புதுக் கேப்போ உயரமாக இருந்து அதைச் சரி செய்வது வேறு, அதைச் செய்துகொள்ளலாம்.

"செலவு தாங்காதே, அரசாங்கத்துல எங்க போறது?"

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி, தெற்கே புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரிகளில் நேரம் பிடிக்கும், நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், ஆனால் பொறுமையாகப் பார்ப்பார்கள். தாடை திறந்தபடியோ மூடினபடியோ மாட்டிக்கொண்டால் மட்டும் வரிசைக்கெல்லாம் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"ஒரு வருஷத்துல உறை ஓட்டையாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவரின் உறை மாசி மாதம் என்னிடம் வந்தது. போன ஆடியில் செய்தது, அப்போது பளிங்கு மாதிரி இருந்தது. இப்போது வலது கோரைப்பல் இடத்தில் விரல் நகம் அளவுக்குக் குழி, அதற்குப் பின்னால் கடைவாய்ப் பக்கம் நாலைந்து கோடு ஆழமாக இழுத்திருந்தது. சம்பா அறுத்த நெல் ரோட்டோரம் தார்ப்பாய்க்கடியில் பதினெட்டு நாள் கிடந்ததாம், மேலே மழை. பழைய மாடலை எடுத்து அவருடைய புது அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல்லில் தேய்மானம் கூடவே இல்லை. அத்தனையும் உறை வாங்கியிருந்தது. புதிது செய்து அனுப்பிவிட்டேன். பழையதை நீங்கள் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள், அதில் விழுந்திருக்கிற தடத்தைப் பார்த்தால் நீங்கள் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகக் கடிக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். அடுத்ததை அதற்குத் தகுந்தமாதிரி அந்த இடத்தில் கனம் கூட்டிச் செய்யச் சொல்லி எங்களுக்கு எழுதுவார்.